தண்ணீர் இரண்டாம் முறை அழுத்தாது

இருபத்தெட்டு வருடம் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பவர்களிடம், ஊளையிடப் போகிற ஒன்றை அது ஊளையிடும் முன்பே அணைக்கிற வேலை என்று சொல்வேன். வீட்டிலும் அதைத்தான் பார்த்தாள் என்பார் என் கணவர். நான் மறுப்பதில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. தென்காசியில் நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது, ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவர் எல்லாம் ரெடிமேட் சிப்பாக வந்து இறங்குகிறது. இரண்டு மாடலில் மட்டும் பழைய சர்க்யூட் இன்னும் ஓடுகிறது, அதற்கு பேட்டரி செலவு அவ்வளவு குறைவு என்பதால். அதில் குவெஞ்ச் வேகத்தை எப்படி முடிவு செய்வது என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தரும்படி அங்கே இருக்கிற புது இன்ஜினியர்கள் போனில் கேட்டார்கள். சூத்திரம் அவர்களிடம் இருக்கிறது. சூத்திரம் இருந்தும் என்னிடம் கேட்டதால் விவரமானவர்கள்தான் என்று முடிவு செய்து எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் நிற்கவில்லை.

குவெஞ்ச் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் மைக் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். மைக் செட்காரர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் மேடையில் ஒருவர் செருமினால்கூட தெருக்கோடி வரை கேட்கும். அதற்கு அடுத்த நொடி 'கூ' என்று கத்திவிடும். கத்துவதற்குச் சற்று முன்னால் இருக்கிற அந்த நிலையில்தான் அதற்குக் காது மிகக் கூர்மை. எங்கள் ரிசீவரின் வித்தையே அதுதான். ஒரே ஒரு டிரான்சிஸ்டரைக் கத்துகிற அளவுக்குப் போகவிட்டு, கத்த ஆரம்பித்ததும் அணைத்து, மறுபடி போகவிட்டு, மறுபடி அணைப்பது. வினாடிக்குப் பல ஆயிரம் தடவை இப்படி நடக்கும். அந்த அணைப்புக்குத்தான் குவெஞ்ச் என்று பெயர். வினாடிக்கு எத்தனை தடவை அணைப்பது என்பதுதான் கேள்வி.

மெதுவாக அணைத்தால் தூரத்துச் சிக்னலும் எட்டும். ஆனால் ரிமோட் அனுப்புகிற துடிப்புகளில், இரண்டு அணைப்புக்கு நடுவே ஓடிப்போகிறவற்றைத் தவறவிடும். வேகமாக அணைத்தால் துடிப்பைத் தவறவிடாது. ஆனால் காது கூர்மையாவதற்குள் அணைத்துவிடுவதால் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் கேட்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் பிடிக்கவேண்டும். மருமகள் எடுத்த வீட்டில் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தேன். கல்யாணமாகி, மகள் பிறந்து, கணவர் துபாய் போன பிறகு வேலைக்குச் சேர்ந்தேன். கடையநல்லூரிலிருந்து தென்காசிக்குத் தினம் பஸ். முதல் வருடம் சால்டரிங். இரண்டாம் வருடமும் சால்டரிங். மூன்றாம் வருடம் டெஸ்டிங் மேசைக்கு வந்தேன். அதற்கு என் திறமை காரணமில்லை, முன்பு அங்கே இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

பட்டறையின் முதலாளியும் தலைமை இன்ஜினியரும் ஒருவரே. எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. யார் எதைப் பேச ஆரம்பித்தாலும் பாதியில் கையைக் காட்டி, "சரி, எண்ணைச் சொல்லு" என்பார். எண் இல்லாத பேச்சு அவர் காதில் ஏறாது. ரிசீவர் சரியாக எடுக்கவில்லை என்றால் தலை நிமிராது. நூறு தடவை அழுத்தியதில் எண்பத்தாறு தடவைதான் எடுக்கிறது என்றால் நாற்காலியை விட்டு எழுந்து வருவார். வரும்போதே கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உலோகம் பக்கத்தில் வந்தால் டியூனிங் நகர்ந்துவிடும். அதே காரணத்துக்காக என்னிடமும் கோமதியிடமும் வளையலைக் கழற்றச் சொல்லவேண்டும் என்று அவருக்கு இருந்தது. கல்யாணமான பெண்களிடம் எப்படிச் சொல்வது என்று பல வருடம் சொல்லாமலே இருந்தார். நாங்களாகப் புரிந்துகொண்டு டப்பாவில் கழற்றிவைத்தோம். அப்போதும் அவர் எதுவும் சொல்லவில்லை, அந்த மாதம் எங்களுக்கு மட்டும் டீயோடு ஒரு வடை வந்தது.

கோமதி எனக்குப் பக்கத்து நாற்காலி. பாகங்களைச் சேர்த்துச் செட்டைப் பூட்டுவது அவள், சோதிப்பது நான். மத்தியானம் என் டப்பாவை அவள் திறப்பாள், அவள் டப்பாவை நான் திறப்பேன்.

சோதனை முறை இதுதான். குவெஞ்ச் வேகத்தை மாற்றுவதற்கு ஒரு சின்னத் திருகு உண்டு. இரும்புத் திருப்புளி கூடாது, மூங்கில் குச்சியைச் சீவித் தட்டையாக்கி வைத்திருப்போம். அனுப்பும் ரிமோட்டை பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடியை ஒரு விரல் அளவு திறந்துவைத்தால், பட்டறையின் மறு கோடியில் இருப்பது அரை பர்லாங் தூரத்தில் இருப்பதற்குச் சமம். நூறு தடவை அழுத்தவேண்டும். எத்தனை தடவை மணி அடித்தது என்று கோடு போட்டு எண்ணவேண்டும். பத்து அழுத்தி பத்தும் வந்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டதற்கு, பத்து தடவை யார் வேண்டுமானாலும் ஒழுங்காக இருக்கலாம் என்றார் அண்ணாச்சி. எல்லாம் முடிந்தால் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டும் சீட்டில் நான் கையெழுத்துப் போடுவேன்.

மேசைக்கு நேர் மேலே சுவரில் ஒரு பலகை. அதில் அண்ணாச்சி முதன்முதலாக ஓடவைத்த ரிசீவர் இருந்தது. ஓர் ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்ததில் ஆரம்பித்து, வெள்ளிக்கிழமைதோறும் கோமதி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஒரு கிள்ளு பூவும் வைப்பாள். அது நிற்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் ஆசை. கரன்ட் போனாலும் ஓடும்படி தனியாக பேட்டரி கொடுத்திருந்தார். நான் சேர்ந்த நாளிலிருந்து அது ஓயாமல் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

எங்கள் சரக்கில் பாதி, வயலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே மோட்டார் போடுகிற ரிமோட். வீரகேரளம்புதூர் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே மோட்டார் கொட்டகையில் ஆளுக்கொரு மோட்டார் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் எங்களிடம் ரிமோட் வாங்கி ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார்கள். மறுநாளிலிருந்து இரண்டு மோட்டாரும் ஒழுங்காக ஓடவில்லை. அண்ணன் தம்பியைச் சொன்னார், தம்பி அண்ணன் மனைவியைச் சொன்னார். நாங்கள் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த ரிசீவர் வாயை மூடிக்கொண்டு கேட்பதில்லை, கேட்கும்போதே முனகும். பக்கத்தில் ஒட்டி இருக்கிற ரிசீவருக்கு ரிமோட் கேட்காது, அந்த முனகல்தான் கேட்கும். ஒரு பெட்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டினோம். மோட்டார்கள் ஓடின. அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்வி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடம் ஆனபோது நடந்தது இது.

குற்றாலத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் ஒரு தனியார் எஸ்டேட். அதில் விருந்தினர் விடுதியும் அவர்களுக்கென்று ஒரு சின்ன அருவியும் உண்டு. சீசனில் அந்த அருவியில் குளிக்கவே ஆட்கள் வந்து தங்குவார்கள். மலை மேல் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அதைப் பார்ப்பதற்கு மாடசாமி என்ற காவலாளி, மேலே ஓடை வளைகிற இடத்தில் பாறையில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிச் சருகு அடித்துக்கொண்டு வந்தால் விசில் ஊதுவார். அந்தப் பள்ளத்தில் செல்போன் எடுக்காது. பல வருடமாக விசில்தான்.

எஸ்டேட் மேனேஜர் ராஜன், செங்கோட்டைக்காரர், பேச்சில் மலையாளம் கலந்து வரும். அவர் அண்ணாச்சியிடம் வந்து, விசிலுக்குப் பதில் மணி வேண்டும் என்றார். மேலே ஓடையில் ஒரு மிதவையும் எங்கள் டிரான்ஸ்மிட்டரும் இருக்கும், கீழே குளிக்கிற இடத்தில் எங்கள் ரிசீவரும் மணியும் சிவப்பு விளக்கும் இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், சிக்னல் போகும், மணி அடிக்கும். மணி வந்ததும் மாடசாமியைக் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிடுவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை சீசன் திறப்பு, அறை எல்லாம் பதிவாகிவிட்டது.

பட்டறையில் நூற்றுக்கு நூறு வந்தது. குவெஞ்ச் வேகம் வினாடிக்கு இருபத்தைந்தாயிரம் என்று வைத்திருந்தேன். திங்கட்கிழமை கொண்டுபோய் மாட்டினோம். அங்கேயும் நூறு எண்ணவேண்டும் என்பது என் வழக்கம். மாடசாமி மேலே இருந்து அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கையால் மிதவையைத் தூக்கினார். நான் கீழே குடை பிடித்துக்கொண்டு மணிக்கு ஒரு கோடு போட்டேன். எண்பத்தொன்று.

"எண்பத்தொண்ணுன்னா டிஸ்டிங்ஷன் அல்லே?" என்றார் ராஜன்.

பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். நூறு. புதன்கிழமை மறுபடி எஸ்டேட். எழுபத்தொன்பது. மறுபடி பட்டறை. நூறு. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அருவிச் சாரல் என்றார் ராஜன். மலைப் பாறையில் இரும்புச் சத்து இருக்கிறது, அது சிக்னலைக் குடிக்கிறது என்றார் அண்ணாச்சி. மாடசாமி பாதி தடவை தூக்கியே இருக்கமாட்டார், வேலை போகிற கடுப்பு இருக்குமே என்றாள் கோமதி. எனக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்தது, அந்த மனிதர் இதைப் படித்தால் மன்னிக்கவேண்டும்.

ஐந்தில் ஒரு பங்கு தவறினால் என்ன என்று கேட்கலாம். எங்கள் மோட்டார் ரிமோட் வாங்கிய யாரும் நூறு தடவை அழுத்தி எண்ணியதில்லை. ஒரு தடவை எடுக்காவிட்டால் விவசாயி ரிமோட்டை உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டி, இன்னொரு தடவை அழுத்துவார். மோட்டார் ஓடும். எங்களுக்குப் புகாரே வராது. ஆனால் இங்கே அழுத்துவது தண்ணீர். மிதவை ஒரு தடவை ஏறும், சிக்னல் ஒரு தடவை போகும். தண்ணீர் இரண்டாம் முறை அழுத்தாது. கீழே பிள்ளைகள் தலையில் ஷாம்பூ போட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கும்.

வியாழக்கிழமை பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் அடுக்களையில் அருவி கிடையாது, இரும்புப் பாறையும் கிடையாது. டின்னையும் ரிமோட்டையும், துபாயிலிருந்து திரும்பி வந்திருந்த கணவர் கையில் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்பி நூறு தடவை அழுத்தச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. துபாயில் மேஸ்திரி சொன்னதைச் செய்து பழகியவர். எண்பது வந்தது.

ஆக மலையில் கோளாறு இல்லை, மாடசாமியிடமும் இல்லை. எங்கேயும் எண்பதுதான் வருகிறது. நூறு வருவது ஒரே ஓர் இடத்தில், எங்கள் பட்டறை மேசையில். கெட்ட இடத்தைத் தேடுவதை விட்டுவிட்டு நல்ல இடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்து பட்டறையை மனசுக்குள் ஒரு சுற்று சுற்றினேன். டியூப்லைட், மின்விசிறி, காலண்டர், மேசை, மேசைக்கு மேலே பலகை. பலகை வந்ததும் விஷயம் முழுக்க விளங்கிவிட்டது.

அந்த முதல் ரிசீவரும் முனகுகிறது. ஒட்டி இருந்தால் அந்த முனகல் கெடுக்கும், வீரகேரளம்புதூரில் பார்த்தேன். ஆறடி தள்ளி இருந்தால் அது தூண்டிவிடும். குலவை இடுகிற இடத்தில் ஒருத்தி ஆரம்பித்தால் மற்றவர்களுக்கும் உடனே வாய் வந்துவிடுகிற மாதிரி, மேலே இருப்பது கத்த ஆரம்பித்ததும் மேசையில் இருப்பதும் சீக்கிரம் கத்த ஆரம்பித்துச் சீக்கிரம் அணைந்துவிடுகிறது. நான் மீட்டரில் பார்த்த இருபத்தைந்தாயிரம் அதன் சொந்த வேகம் இல்லை. துணைக்கு ஆள் இருக்கும்போது வருகிற வேகம். தனியே கொண்டுபோய் மாட்டினால் வேகம் இறங்கிவிடும், துடிப்புகள் தவறும். இத்தனை வருடமும் நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு பெட்டியையும் அதன் கண் முன்னால் வைத்தே திருகியிருக்கிறோம். அதை ஒரே ஒரு தடவை அணைத்துப் பார்த்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும். அணைக்க யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அதில் பொட்டு இருந்தது.

பட்டறைக்குள் நுழைந்தேன். கோமதி ஸ்டூலில் ஏறி நின்று அதற்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லவில்லை.

இதைத்தான் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன், அதனால் மழுப்பாமல் எழுதுகிறேன். அந்தப் பட்டறையில் நான் ஒருத்திதான் முஸ்லிம். பதினாறு வருடத்தில் ஒருவர் ஒரு சொல் சொன்னதில்லை. நோன்பு மாதத்தில் என் கண் முன்னால் டீ குடிக்கமாட்டார்கள். ஆயுத பூஜைக்குப் பொரி கடலையை எனக்கென்று தனியே கட்டி வைத்திருப்பாள் கோமதி. அப்படிப்பட்ட இடத்தில், வெள்ளிக்கிழமை பூ வைத்த கையோடு, அதை அணையுங்கள் என்று நான் போய்ச் சொல்வதா? யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மனதில் ஒரு ஓரத்தில் ஏதாவது படுமோ என்று இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், பூ வாடியபிறகு சொல்லலாம், அண்ணாச்சி தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று நேரத்தைக் கடத்தினேன்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி வந்தார். மேசையில் மறுபடி நூறு வந்திருப்பதைப் பார்த்தார். கையெழுத்துப் போடு, நானே கொண்டுபோய் மாட்டிவிடுகிறேன் என்றார். நான் பேனா மூடியைத் திறந்தேன், மறுபடி மூடினேன்.

"என்னம்மா, என்ன சந்தேகம்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நாளைக்கு ஒரு தடவ பாத்துட்டுக் குடுக்கேன்."

நாளைக்கு நேரமில்லை என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சீட்டில் என் கையெழுத்து இல்லை. கையெழுத்துப் போடாததையே பெரிய நேர்மையாக நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அண்ணாச்சிக்குப் போன் வந்தது. பேசியது ராஜன். ஒரு குடும்பம் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது, பதினொரு பேர். மணிதான் மாட்டியாகிவிட்டதே என்று அவர் அவர்களைக் குளிக்க விட்டிருக்கிறார். கீழே நல்ல வெயில். மாடசாமி காலையிலேயே கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார். தன் குடையைப் பாறை இடுக்கில் மறந்து வைத்துவிட்டதால் அதை எடுக்க மேலே ஏறியிருக்கிறார். பாறைக்குப் போனவர் தண்ணீரைப் பார்த்தார். மிதவை ஏறி நின்றது. கீழே மணி அடிக்கவில்லை. விசிலை அவர் கழுத்திலிருந்து கழற்றியிருக்கவில்லை. ஊதிக்கொண்டே இறங்கி ஓடி வந்திருக்கிறார். கடைசிப் பிள்ளையைத் தூக்கிப் படியில் விட்டு நாலைந்து நிமிடத்துக்குள், அவர்கள் நின்ற இடத்தில் மரக்கிளை உருண்டு வந்ததாம். துண்டு, செருப்பு, ஒரு வாளி போயின. ஆளுக்கு ஒன்றுமில்லை.

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு எங்களிடம் அப்படியே சொன்னார். சொல்லி முடித்து, பாறையில் இரும்பு அதிகம்தான் போலிருக்கிறது என்றார்.

சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து நின்றேன்.

"பாறை இல்ல அண்ணாச்சி. மேல இருக்க முதல் செட்டுதான். அது ஓடுததுனாலதான் இங்கன மட்டும் நூறு வருது. அதை நிப்பாட்டிட்டு எண்ணுங்க, எண்பதுதான் வரும். எனக்கு நேத்துக் காலைலயே தெரியும்."

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"வெள்ளிக்கெழம. கோமதி அப்பதான் பூ வச்சா. நான் போயி அதை அணைங்கன்னு சொன்னா..."

அண்ணாச்சி எண்ணைக் கேட்கவில்லை. கோமதி கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பேட்டரி வயரைப் பிடுங்கினாள். இறங்கி என் எதிரே வந்து நின்றாள்.

"ஏட்டி, அது ரேடியோட்டி. சாமி கோயில்ல இருக்கு. பதினாறு வருசமா ஒரே டப்பாவுல திங்குதோம், என்னப் பத்தி இதத்தான் நெனச்சு வச்சிருந்தியா?"

அவள் கோபப்பட்டது நான் சொல்லாததற்காக இல்லை, சொன்னால் என்ன நினைப்பாள் என்று நான் நினைத்ததற்காக. நான் அதை மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்தேகம் என் உள்ளே இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பதினொரு பேர் என்ற எண் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அழுதேன். யாரும் தடுக்கவில்லை.

அதன் பிறகு வேலை. அண்ணாச்சி ராஜனிடம் பேசி, அருவிக்குப் போகும் வழியைப் பூட்டச் சொன்னார். பெட்டி திரும்பி வந்தது. மேலே இருப்பது நின்றிருக்க, மேசையில் எண்ணினோம். எழுபத்தெட்டு. மீட்டரில் பார்த்தால் இருபத்தைந்தாயிரம் என்று நான் வைத்தது பதினேழாயிரத்தில் நின்றது.

இனி எழுதுவதுதான் இன்ஜினியர்கள் கேட்டது. முதலில் ரிசீவரைத் தனியாக வையுங்கள். அதே பட்டறையில் ஓடுகிற எல்லா ரிசீவரையும் நிறுத்துங்கள், யார் தடுத்தாலும். வேகத்தை இரண்டாயிரம் இரண்டாயிரமாக ஏற்றி, ஒவ்வொரு இடத்திலும் நூறு எண்ணுங்கள். எங்களுக்குப் பத்தொன்பதிலும் இருபத்தொன்றிலும் கூடிக்கொண்டே போய், இருபத்தைந்திலும் இருபத்தேழிலும் நூறு வந்தது. முப்பதைத் தாண்டியதும் காது மந்தமாகி மறுபடி குறைந்தது. இருபத்தைந்து, இருபத்தேழு இரண்டும் நூறு என்றால் எதை வைப்பது? பழைய பேட்டரியைப் போட்டு எண்ணினோம், வேகம் கொஞ்சம் இறங்கியது. ஈரத் துணியைப் பெட்டி மேல் போட்டு ஒரு பகல் வைத்திருந்து எண்ணினோம், சாரல் காலத்துக்காக. அப்போதும் இறங்கியது. எது நடந்தாலும் இறங்கத்தான் செய்கிறது, ஏறுவதில்லை. ஆகவே இருபத்தேழு. குறையப் போவது தெரிந்தால் கூட்டியே வைக்கவேண்டும், வற்றப் போகிற குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போடுவதற்கு நேர்மாறு.

இதோடு நான் இன்னொன்று கேட்டேன். தண்ணீர் ஏறினால் மட்டும் சிக்னல் என்பதை மாற்றவேண்டும். மேலே இருக்கிற பெட்டி நிமிடத்துக்கு ஒரு தடவை, இங்கே ஒன்றும் இல்லை என்று கீழே சொல்லிக்கொண்டே இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு தடவை அந்தச் சொல் வராவிட்டால் கீழே மணி அடிக்கட்டும். வயர் அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், காது மந்தமானாலும் அடிக்கும். காரணமில்லாமல் அடித்து ஆட்கள் அலுத்துக்கொள்வார்களே என்றார் அண்ணாச்சி. அலுத்துக்கொள்ளட்டும், உலர்ந்த துண்டோடு அலுத்துக்கொள்ளட்டும் என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த புதன்கிழமை நாங்கள் மூன்று பேரும் எஸ்டேட்டுக்குப் போனோம். மாடசாமி நூறு தடவை தூக்கினார், நூறு தடவையும் அடித்தது. பிறகு டிரான்ஸ்மிட்டர் வயரைக் கழற்றச் சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து மணி அடித்தது. ராஜன் மாடசாமியை மறுபடி பாறைக்கே அனுப்பிவிட்டார். நான் சொல்லித்தான் என்று இல்லை, மனிதர் அந்த சனிக்கிழமைக்குப் பிறகு மணியை நம்பவில்லை. மாடசாமியிடம் நான் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். "பாதி தடவ தூக்கலன்னு நெனச்சியளாக்கும்," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏற்கனவே விற்ற பெட்டிகளை ஊர் ஊராகப் போய்த் திறந்து திருகிவிட்டு வர அடுத்த சீசன் வரை ஆயிற்று. முதல் ரிசீவர் அதே பலகையில்தான் இருந்தது. கோமதி வெள்ளிக்கிழமை பூ வைப்பதையும் விடவில்லை. பேட்டரி வயரை மட்டும் யாரும் திரும்ப மாட்டவில்லை.

புதன்கிழமை எஸ்டேட்டிலிருந்து வந்ததும் அண்ணாச்சி கோளாறுத் தாளை எழுதி என்னிடம் நீட்டினார். வாடிக்கையாளருக்கு ஒரு நகல் போகும், நமக்கு ஒரு நகல். கோளாறு என்ற கட்டத்தில் மணி அடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். காரணம் என்ற கட்டத்தில் வழக்கமாகப் பார்ட் லிஸ்ட்டைப் பார்த்துப் பழுதான பாகத்தின் பெயரை எழுதுவார்; இந்தத் தடவை, குவெஞ்ச் வேகம் பதினேழாயிரமாக இறங்கியது என்று எண்ணோடு எழுதியிருந்தார். என் பெயரோ, வெள்ளிக்கிழமையோ எங்கேயும் இல்லை. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

பேனாவை எடுத்து, காரணம் கட்டத்தில் இருந்த மிச்ச இடத்தில் எழுதினேன்: தெரிந்தும் ஒரு நாள் சொல்லாமல் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது பார்ட் லிஸ்ட்லயே இல்லையேம்மா," என்றார்.

"சேத்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றேன்.